மூக்களவா, முடியளவா?

அளவு பார்த்து வாங்கவேண்டிய சாமான்கள் இந்த உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. சட்டை, செருப்பு, மூக்குக் கண்ணாடி, கதவுக்குத் தாழ்ப்பாள் ஆகிய இவற்றையெல்லாம் இருபது வருஷக் குடித்தனத்தில் வாங்கிப் பழகியவர்கள் என்ற கர்வம் எங்களுக்கு இருந்தது. அந்தக் கர்வம் சென்ற குளிர்காலத்தில், காஷ்மீரத்தில், குல்மர்க் என்னும் ஊரில், ஒரு சின்னக் கடையின் வாசலில், முழங்கால் ஆழப் பனியில் புதைந்து போயிற்று.

விஷயம் இதுதான். எங்கள் தமக்கையின் குமாரனுக்குப் பனிச் சறுக்கில் பைத்தியம். உத்தியோகம் பெங்களூரில், உள்ளம் இமயமலையில். மூன்று குளிர்காலம் குல்மர்க்குக்குப் போய், வாடகைக்கு வாங்கிய ஸ்கீ என்னும் சறுக்குப் பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, விழுந்தும் எழுந்தும் கற்றுக்கொண்டான். நாலாவது வருஷம், "இனி வாடகைப் பலகை வேண்டாம். சொந்தமாக ஒரு ஜோடி வாங்கப் போகிறேன்" என்று வீட்டில் அறிவித்தான். என்ன அளவு, எந்த மாதிரி என்பதையும் அப்போதே தீர்மானம் செய்து வைத்திருந்தான். நீளம் 188 சென்டிமீட்டர்; நடு அகலம் 116 மில்லிமீட்டர். பெரிய சூரர்கள் செங்குத்தான மலைகளிலிருந்து குதிக்கும் சலனப் படங்களில் அவன் கண்டது அதுவே.

பையனுடைய உயரம் 171 சென்டிமீட்டர். நிறை 64 கிலோ. 

தமக்கைக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியவில்லை. ஆனால் அவளுக்கு வேறொரு கணக்குப் புரிந்தது. "தம்பி, அந்தப் பலகையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உனக்கும் தெரியாது. ஆனாலும் நீங்கள் இரண்டு பேரும் கூடப் போய் வாருங்கள். போகும்போது இரண்டு காலோடு போகிறவன் திரும்பும்போதும் இரண்டு காலோடு வரவேண்டும்" என்றாள். மூத்தவள் வாக்கைத் தட்ட முடியுமா? கம்பளிகளைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு நாங்களும் புறப்பட்டோம்.

* * *

காஷ்மீரத்துக்கு ரயிலிலே போய் இறங்குவது நம் பெரியவர்கள் காலத்தில் கனவாக இருந்த காரியம். 2025-ஆம் வருஷம் ஜூன் மாதத்திலிருந்து கத்ராவில் ஏறி ஸ்ரீநகரத்தில் இறங்கலாம். வழியில் செனாப் நதியின் மேல் 359 மீட்டர் உயரத்தில் போட்டிருக்கும் இரும்பு வளைவுப் பாலத்தை வண்டி கடக்கும்போது, ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டோம். நம் நாட்டு எஞ்சினீயர்களும் தொழிலாளர்களும் மலையைக் குடைந்தும் பள்ளத்தைத் தாண்டியும் போட்ட பாதை அது என்பதை நினைத்தபோது, குளிரையும் மீறி நெஞ்சில் ஒரு சூடு உண்டாயிற்று.

ஸ்ரீநகரத்திலிருந்து குல்மர்க் சுமார் 50 கிலோமீட்டர். தங்மர்க் என்னும் சிற்றூர் வரையில் பாதை சமம். அதற்கு மேல் 13 கிலோமீட்டர் மலையேற்றம். பனிக் காலத்தில் சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டிய வண்டிகளே மேலே போகின்றன. தேவதாரு மரங்கள் ஒவ்வொன்றும் தலையில் வெள்ளைக் குல்லாய் போட்டுக்கொண்டு இருபுறமும் வரிசையாக நிற்கின்றன. திடீரென்று மரங்கள் விலக, ஒரு பெரிய வெள்ளைத் தட்டுப் போன்ற சமவெளி கண்ணெதிரே விரிகிறது. அதுதான் குல்மர்க்.

கோடையில் அது பச்சைப் புல்வெளி. பெயருக்குப் பூவெளி என்று பொருள். பழைய பெயர் கௌரிமர்க் என்றும், 16-ஆம் நூற்றாண்டில் ஆண்ட யூசுப் ஷா சக் அதை மாற்றினான் என்றும் சொல்வார்கள். அந்தச் சமவெளியின் உயரம் சுமார் 2,650 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். அதாவது, தமிழ் நாட்டின் தலை எங்கே முடிகிறதோ, அங்கே குல்மர்க்கின் பாதம் ஆரம்பிக்கிறது!

அந்தப் பாதத்திலிருந்து மேலே போவதற்குக் கொண்டோலா என்னும் கம்பி வண்டி இருக்கிறது. 1998-இல் திறந்த முதற் பகுதி, சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொங்டூரி வரையில் போகிறது. 2005-இல் திறந்த இரண்டாம் பகுதி, அப்பர்வத் மலையின் தோளில், ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டு போய் விடுகிறது. அங்கிருந்து கீழே சமவெளி வரையில் 1,300 மீட்டர் இறக்கம். அவ்வளவும் பனி.

1927-இல் வெள்ளைக்காரர்கள் இங்கே ஒரு ஸ்கீ சங்கம் ஆரம்பித்து, விடுமுறையில் வந்து சறுக்கி விளையாடினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் சர்க்கார் 1960-களின் கடைசியில் ஒரு பயிற்சி நிலையம் அமைத்தது. எங்கள் மருமான் முதன் முதல் விழக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். துரைகளுடைய விளையாட்டாக இருந்தது, தங்மர்க்கைச் சேர்ந்த கிராமத்துப் பிள்ளைகளின் விளையாட்டாக மாறிற்று. அந்தப் பிள்ளைகளில் ஒருவரான ஆரிப் கான் 2022-இல் பெய்ஜிங் நகரத்துக் குளிர்கால ஒலிம்பிக்கில் நம் மூவர்ணக் கொடியைத் தாங்கிச் சென்றார். அந்தப் பந்தயங்களுக்கு இந்தியாவிலிருந்து போன வீரர் அவர் ஒருவரே. பெரிய ஸ்லாலம் போட்டியில் 45-ஆவது இடம். 'நாற்பத்தைந்துதானா?' என்று கேட்பவர்கள் ஒரு முறை கொங்டூரியில் நின்று கீழே பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

* * *

மருமான் எங்களை நேரே ஒரு கடைக்கு அழைத்துச் சென்றான். கடை என்றால் மரப்பலகை அடைத்த ஓர் அறை; நடுவில் புகாரி என்னும் கணப்பு. சுவர் முழுவதும் வர்ணம் தீட்டிய சறுக்குப் பலகைகள் சாத்தியிருந்தன. உள்ளே ஒரு பெரியவர் பெரன் அங்கிக்குள் காங்ரி சட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து ஸலாம் செய்து, குங்குமப்பூ மணக்கும் கஹ்வாவை ஊற்றிக் கொடுத்தார். பாடம் சொல்லித் தரும் தொழில் எங்களுடையது என்று மருமான் அறிமுகம் செய்யவே, அந்த நிமிஷம் முதல் எங்கள் பெயர் 'மாஸ்டர்ஜி' ஆகிவிட்டது.

மருமான் தன் தீர்மானத்தைச் சொன்னான். பெரியவர் மறுத்துப் பேசவில்லை. நாலு கேள்விகள் மட்டும் கேட்டார்.

"நிறை எவ்வளவு, பேட்டா?"

"64 கிலோ."

"வருஷத்தில் எத்தனை நாள் பனியில் இருப்பாய்?"

"பத்து நாள். லீவு கிடைத்தால் பன்னிரண்டு."

"மரங்களுக்கு நடுவே இறங்குவாயா? வெட்ட வெளியிலா?"

"இரண்டிலும்."

"வேகமாக வரும்போது நிற்க வேண்டுமென்றால் நிற்பாயா, அல்லது விழுவாயா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் மருமான் கணப்பைப் பார்த்தான்.

பெரியவர் எங்கள் பக்கம் திரும்பினார். "மாஸ்டர்ஜி, எல்லாரும் உயரத்தைத்தான் சொல்கிறார்கள். பலகைக்கு உங்கள் உயரம் தெரியாது. அதன்மேல் எவ்வளவு பாரம் நிற்கிறது என்பதுதான் தெரியும்" என்றார். பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் நெம்புகோலைப் பற்றிச் சொல்லிக் கொடுத்த எங்களுக்கு, இது ஏன் தோன்றாமல் போயிற்று என்று வெட்கமாக இருந்தது.

அவர் சொல்லக் கேட்டதையும், பிறகு நாங்கள் விசாரித்து அறிந்ததையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். ஸ்கீ என்பது நார்வே தேசத்து வார்த்தை. பிளந்த கட்டை என்பது அதன் பழைய அர்த்தம். ஸ்வீடனில் ஐயாயிரம் வருஷத்துக்கு முந்திய சறுக்குக் கட்டை ஒன்று சதுப்பு நிலத்திலிருந்து கிடைத்திருக்கிறது. முற்காலத்தில் கையைத் தலைக்கு மேல் தூக்கி, மணிக்கட்டுவரை அளந்து பலகை வாங்குவார்கள். இரண்டு மீட்டர் நீளம் சர்வ சாதாரணம். 1990-களில், இடை மெலிந்து இரு நுனியும் அகன்ற பலகைகள் வந்தன. அவை தாமாகவே வளைந்து திரும்பும் குணம் உடையவை. ஆகையால் நீளம் குறைந்தது. 2000-க்குப் பிறகு, ஆழப் பனியில் அமிழாமல் மிதப்பதற்காக அகலமான பலகைகளையும், படகின் முகப்பைப் போல் முன் நுனி மேல் நோக்கி எழும்பிய பலகைகளையும் மிகுதியாகச் செய்யத் தொடங்கினார்கள். அந்த எழும்பிய பாகம் கெட்டிப் பனியைத் தொடுவதில்லை. எனவே அத்தகைய பலகையை ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக வாங்கினாலும் காலுக்கு அது நீளமாகத் தெரியாது.

சீர் செய்த பாதையில் மட்டும் சறுக்குகிறவருக்கு, நிறுத்தி வைத்தால் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவே வருகிற பலகை போதும். அகலம் 80 மில்லிமீட்டர் இருந்தால் சரி. ஆனால் குல்மர்க்கில் சீர் செய்த பாதை கொஞ்சம்; தொடாத மலை அதிகம். பாதையில் ஓடவும், பாதையை விட்டுக் காட்டிலும் சரிவிலும் இறங்கவும் ஒரே பலகை வேண்டுமென்றால், நடு அகலம் 95-க்கும் 110-க்கும் இடையே இருக்கவேண்டும். நீளம் நெற்றியிலிருந்து உச்சந்தலை வரையில். நல்ல பாரமும் நல்ல தேர்ச்சியும் உள்ளவர் அதற்கு மேலும் சில சென்டிமீட்டர் போகலாம். பாரம் குறைந்தவரும் புதிதாகக் கற்பவரும் கீழே வரவேண்டும்.

மாதிரிக்கும் இதே நியாயந்தான். பலகையின் உட்புறம் மரம்; அதன்மேல் கண்ணாடி நார்; சிலவற்றில் அதற்கும் மேல் அலுமினியக் கலவைத் தகடு. நார்டிகா கம்பெனியின் என்ஃபோர்ஸர் வரிசையைப் போல் இரண்டு தகடு வைத்தவை, கரடுமுரடான பனியிலும் நடுங்காமல் நேரே ஓடும். ஆனால் ஏறியிருப்பவர் பலசாலியாக இல்லாவிட்டால் அவரைக் கேட்காமலே ஓடும். அட்டாமிக் கம்பெனியின் பெண்ட் 100 போலத் தகடில்லாதவை இலேசானவை, இளகி வளைபவை. மரங்களுக்கிடையே சொன்னபடி கேட்கும். ஆனால் இறுகிய பனியில் வேகம் பிடித்தால் படபடக்கும். இன்னொரு சூக்ஷ்மம்: ஒரு கம்பெனி பலகையை வளைக்கு முன் அளக்கிறது, மற்றொன்று வளைத்த பிறகு நுனிக்கு நுனி நூல் பிடித்து அளக்கிறது. ஆகையால் இரண்டு கம்பெனியின் '180'-ஐச் சேர்த்து நிறுத்தினால் ஒன்றுக்கொன்று ஓரிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கலாம்.

சுவரில் இருந்தவற்றில் நம் நாட்டில் செய்தது ஒன்றுகூட இல்லை. எங்கள் மனக்குறையைச் சொன்னோம். வில்லோ மரத்தில் கிரிக்கெட் மட்டையும், அக்ரூட் மரத்தில் சித்திர வேலையும் செய்கிற காஷ்மீரக் கைகளுக்கு இது ஆகாதா என்று கேட்டோம். "மரம் செதுக்க எங்களுக்குத் தெரியும், மாஸ்டர்ஜி. மரத்தையும் உலோகத்தையும் ஒட்டி அழுத்துகிற யந்திரம் வேண்டும். எங்கள் பேரன்மார் காலத்தில் வரும்" என்றார் பெரியவர். 

* * *

"வார்த்தையில் வேண்டாம், மலையே சொல்லட்டும்" என்று, மூன்று நாளைக்கு மூன்று ஜோடியை வாடகைக்குக் கொடுத்தார். கூடவே உள்ளூர் வழிகாட்டி ஒருவரையும் ஏற்பாடு செய்தார்.

முதல் நாள், மருமான் ஆசைப்பட்ட 188. நாங்கள் கம்பி வண்டியில் கொங்டூரி வரையில் போய் உட்கார்ந்துகொண்டோம். அவனும் வழிகாட்டியும் அப்பர்வத்துக்கு ஏறினார்கள். திறந்த சரிவில் அவர்கள் இறங்கி வரும் காட்சியை என்னவென்று சொல்வது! வெள்ளைத் துணியில் ஊசி நூல் கோப்பது போல இரண்டு கோடுகள் வளைந்து வளைந்து வந்தன. "பார்த்தீர்களா, மாமா!" என்று கூவிக்கொண்டே எங்களைத் தாண்டிக் கீழே காட்டுக்குள் போனான். அரை மணியில் சமவெளியில் சந்திப்பதாகப் பேச்சு.

அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. நாங்கள் கீழே வந்து சேர்ந்து, காட்டின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவரோடொருவர் பேசவில்லை. தமக்கையின் முகந்தான் எங்கள் இருவர் கண்ணிலும் நின்றது. ஒன்றரை மணிக்குப் பிறகு இரண்டு உருவங்கள் தென்பட்டன. மருமான் நொண்டிக்கொண்டு வந்தான்.

காட்டுக்குள் ஒரு மரம் எதிர்ப்பட்டதாம். திரும்ப நினைத்தானாம். பலகை திரும்ப நினைக்கவில்லை. நல்ல வேளையாகப் பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் கவ்வி உரிய நேரத்தில் விட்டுக் கொடுத்தது, முழங்கால் பிழைத்தது. ஒரு பலகை பொடிப் பனிக்கு அடியில் ஓடி மறைந்துவிட, இருவரும் கைத்தடியால் குத்திக் குத்தி ஒரு மணி நேரம் தேடியிருக்கிறார்கள். அந்தக் கவ்வியைப் பெரியவர் காலையில் தம் கையாலேயே திருகியிருந்தார். உயரம், நிறை, வயது, பூட்ஸின் அடி நீளம், தேர்ச்சி ஆகிய ஐந்தையும் பட்டியலில் பார்த்துத்தான் அதன் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறார்கள். சூரத்தனத்துக்காக அதை இறுக்கிக் கொள்கிறவன் தன் எலும்பின் மேல் பந்தயம் கட்டுகிறான்.

இரண்டாம் நாள் 164 நீளம், 88 அகலம். சீர் செய்த பாதையில் அணிற்பிள்ளை போல் ஓடினான். ஆழப் பனியில் கால் வைத்ததும் முன் நுனி உள்ளே புகுந்துகொள்ள, தலைகுப்புற விழுந்தான். எழுந்து வந்தபோது புருவமெல்லாம் நரைத்திருந்தது.

மூன்றாம் நாள் 173 நீளம், 102 அகலம், ஒற்றைத் தகடு, முன் நுனி எழும்பியது. நிறுத்திப் பார்த்தால் உச்சந்தலைக்கு மேல் இரண்டு விரற்கடை. அன்று மாலை அவன் கூவவில்லை; சிரித்துக்கொண்டு வந்து நின்றான். நின்றான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். விழவில்லை.

அதே அளவில் இரண்டு ஜோடி கடையில் இருந்தன. ஒன்று அந்த வருஷத்துச் சரக்கு. மற்றது முந்தின வருஷத்தது. "வர்ணம் மட்டும் வேறே, உள்ளே ஒன்றுதான்" என்றார் பெரியவர். விலையில் நல்ல வித்தியாசம். மிச்சப்படும் பணத்துக்கு அவர் மேஜைமேல் மூன்று சாமான்களை எடுத்து வைத்தார்: இடுப்பளவு மடங்கும் ஒரு மண்வாரி, நீளமாக விரியும் ஒரு துழாவு கோல், மார்பில் கட்டிக்கொள்ளும் ஒரு சிறு ரேடியோப் பெட்டி.

மருமான் தயங்கினான். பெரியவர் அப்பர்வத் பக்கம் கையைக் காட்டினார். 2023 பிப்ரவரியில் அந்தச் சரிவில் பனி பெயர்ந்து போலந்து தேசத்தார் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். "அவர்களிடம் நல்ல பலகை இல்லாமலா இருந்திருக்கும்?" என்று கேட்டார்.

அந்தப் பெட்டி 457 கிலோஹெர்ட்ஸ் அலையை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். புதைந்தவனை மற்றவர்கள் தங்கள் பெட்டியைத் தேடும் நிலைக்கு மாற்றிக் கண்டுபிடிக்கலாம். முதல் பத்து நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைப்பவர்கள் மிகப் பலர். அரை மணி கடந்தால் பாதிப் பேர்கூட இல்லை. மருமான் முந்தின வருஷத்து வர்ணத்தையே வாங்கினான். அன்று மாலை சமவெளியில் பெட்டியொன்றைப் பனியில் புதைத்து வைத்து, எங்களையே தேடச் சொன்னான். எங்களில் ஒருவர் நாலு நிமிஷத்தில் கண்டுபிடித்தார்; மற்றவருக்குப் பதினொரு நிமிஷம் ஆயிற்று. யார் எவர் என்பதைக் குடும்ப சமாதானத்தை முன்னிட்டு வெளியிடாமல் விடுகிறோம்.

* * *

அன்றிரவு முழுவதும் பனி கொட்டிற்று. காலையில் ஜன்னல் பாதி வரையில் மூடியிருந்தது. புதுப் பலகைக்கு இதைவிட நல்ல முகூர்த்தம் கிடைக்குமா? ஆனால் இரண்டாம் பகுதிக் கம்பி வண்டியை நிறுத்திவிட்டார்கள். மேல் சரிவுகளில் பனிச்சரிவு அபாயம் என்று அறிவிப்புப் போட்டிருந்தது. விடுதியில் பழக்கமான இளைஞர் சிலர், கொங்டூரியிலிருந்து பக்கவாட்டில் நடந்தே ஏறலாமென்று மருமானைக் கூப்பிட்டார்கள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு விஷயம் கற்றிருக்கிறோம்: பையன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசக் கூடாது.

அவன் வாசலில் நின்று வெகு நேரம் மலையைப் பார்த்தான். பிறகு, "அத்தனை பேரில் ரேடியோப் பெட்டி எனக்கு மட்டுந்தான் இருக்கிறது, மாமா. நான் புதைந்தால் என்னை யார் தேடுவார்கள்?" என்றான். அவர்களிடமும் அதையே சொன்னான். அவர்களும் யோசித்தார்கள். ஒருவரும் ஏறவில்லை. கீழ்க் காட்டின் சாய்வு குறைந்த பக்கத்தில் வழிகாட்டியோடு எல்லாரும் நாள் முழுவதும் சறுக்கினார்கள். பகலில் அப்பர்வத் பக்கத்திலிருந்து இடி முழங்குவது போல ஒரு சத்தம் கேட்டது. ஆகாயத்தில் மேகம் இல்லை. 

ஊர் வந்து சேர்ந்ததும், ஆறடி நீளத் துணிப்பையைத் தோளில் சுமந்துகொண்டு மருமான் தமக்கையின் வீட்டு வாசலில் நின்றான். மூக்களவு, முடியளவு, தகடு, வர்ணம் எல்லாவற்றையும் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டுமென்று நாங்கள் தயாராக இருந்தோம். தமக்கை பையைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகனுடைய கால்களைப் பார்த்தாள்.

"இரண்டும் இருக்கின்றன. உள்ளே வா, சாப்பிடலாம்" என்றாள்.